இஸ்ரோவை விற்கிறார்களா? விண்வெளியில் தனியார் கூட்டு எப்படி வேலை செய்கிறது

2025 ஜூனில் ஒரு செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. இஸ்ரோ உருவாக்கிய எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், சுருக்கமாக எச்.ஏ.எல்., நிறுவனம் வென்றது. "மக்கள் வரிப்பணத்தில் செய்த ராக்கெட்டைத் தனியாருக்குத் தாரை வார்த்துவிட்டார்கள்" என்று ஒரு பக்கம் கொதித்தார்கள். "இந்தியாவின் ஸ்பேஸ்எக்ஸ் வந்தாச்சு" என்று இன்னொரு பக்கம் கொண்டாடினார்கள்.

இரண்டுமே நடந்ததைச் சரியாகச் சொல்லவில்லை. எச்.ஏ.எல். ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம். பங்குகள் சந்தையில் இருந்தாலும் கட்டுப்பாடு அரசிடம்தான். அப்புறம், அந்த விலை ராக்கெட்டுக்கு உரியதும் இல்லை. அதைச் செய்யக் கற்றுக்கொண்டு, செய்து, விற்கும் உரிமைக்கு உரியது. இஸ்ரோவிடம் இருந்த அறிவு இஸ்ரோவிடமும் இருக்கும்.

ஆனாலும் இந்தக் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. "தனியார் கூட்டு" என்ற ஒரே பெயரில் நான்கைந்து வெவ்வேறு ஏற்பாடுகள் நடக்கின்றன. எது எதுவென்று பிரித்துப் பார்க்காவிட்டால், எதற்கு மகிழ்வது, எதற்குக் கவலைப்படுவது என்றே தெரியாது.

யார் யார் இருக்கிறார்கள்

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நான்குமே விண்வெளித் துறையின் கீழ் வருபவை. அந்தத் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது.

1. இஸ்ரோ: ஆராய்ச்சி அமைப்பு. ராக்கெட், செயற்கைக்கோள், ஏவுதளம், சோதனைக் கூடம் எல்லாம் இதன் கையில்.

2. ஆண்ட்ரிக்ஸ்: 1992-ல் தொடங்கிய வணிகப் பிரிவு. தேவாஸ் வழக்கு (அதைப் பின்னால் பார்ப்போம்) என்று செய்திகளில் அடிபடுவது இதன் பெயர்தான்.

3. நியூஸ்பேஸ் இந்தியா, சுருக்கமாக என்.எஸ்.ஐ.எல்.: 2019 மார்ச்சில் தொடங்கிய அரசு நிறுவனம். இஸ்ரோ முதிர்ச்சிக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பத்தைத் தொழிற்சாலைகளிடம் கொண்டுசேர்ப்பதும், ஏவுதல் சேவையை விற்பதும் இதன் வேலை.

4. இன்-ஸ்பேஸ்: 2020 ஜூனில் அமைச்சரவை ஒப்புதல் பெற்றது, தலைமையகம் அகமதாபாத். விண்வெளியில் ஏதாவது செய்ய விரும்பும் தனியார் நிறுவனம் அனுமதிக்குப் போக வேண்டிய இடம் இதுதான். முதல் தலைவராக வந்த பவன் கோயங்கா இஸ்ரோக்காரர் அல்ல. மகிந்திராவில் வாகனத் தொழிலை நடத்தியவர். அந்தத் தேர்வே ஒரு செய்தி.

பழைய உறவு: டிராயிங் கொடுத்து வேலை வாங்குவது

தனியார் ஆலைகள் இஸ்ரோவுக்குப் புதியவை அல்ல. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை இயக்கும் விகாஸ் எஞ்சினை கோத்ரெஜும் ஐதராபாத்தின் எம்.டி.ஏ.ஆர். நிறுவனமும் பல பத்தாண்டுகளாகச் செய்து கொடுக்கின்றன. ராக்கெட்டின் உறைகளை எல் அண்ட் டி, வால்சந்த்நகர் போன்றவை செய்கின்றன.

ஆனால் இந்த உறவின் தன்மை என்ன? வடிவமைப்பு இஸ்ரோவுடையது. உலோகம் எது, அளவு எவ்வளவு, எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் இஸ்ரோ சொல்லும். ஆலை அதன்படி செய்து கொடுக்கும். தொழிற்பேட்டைகளில் ஜாப் ஒர்க் என்று சொல்வார்களே, அதன் மிகத் துல்லியமான வடிவம் இது. செய்தது தரத்தோடு இருக்கிறதா என்பது மட்டுமே ஆலையின் பொறுப்பு. ராக்கெட் விழுந்தால் ஆலைக்கு நஷ்டமில்லை. பறந்து பணம் ஈட்டினால் அதில் பங்கும் இல்லை.

இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேசக் கூடாது. கையில் தொழில்நுட்பம் எதுவும் இல்லாத ஒரு நாடு ஆலை ஆலையாக ஏறி இறங்கி, கற்றுக்கொடுத்து, இந்தத் திறனை வளர்த்திருக்கிறது. ஆனால் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வாங்குபவர் ஒருவர்தான், அவர் ஆண்டுக்கு ஐந்தாறு ராக்கெட் விட்டால் அந்த அளவுக்குத்தான் வேலை. அதை நம்பி எந்த முதலாளி புதிய எந்திரம் வாங்கிப் போடுவார்? புதிதாக ஒன்றை யோசித்துச் செய்ய எந்த ஆலைக்கு ஊக்கம் வரும்?

இப்போது நடக்கும் கூட்டின் வகைகள்

1. முழு ராக்கெட்டையும் ஒப்படைப்பது. 2022 செப்டம்பரில் எச்.ஏ.எல்., எல் அண்ட் டி கூட்டணியோடு என்.எஸ்.ஐ.எல். 860 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளைப் பாகம் வாங்குவதிலிருந்து ஒன்றிணைப்பது வரை அந்தக் கூட்டணியே செய்ய வேண்டும். வடிவமைப்பு இன்னும் இஸ்ரோவுடையதுதான், பொறுப்பு மட்டும் பெரிதாகியிருக்கிறது.

2. தொழில்நுட்பத்தையே மாற்றிக் கொடுப்பது. எஸ்.எஸ்.எல்.வி. இந்த வகை. சுமார் 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும் ராக்கெட் இது. ஏலத்தில் வென்ற நிறுவனம் இஸ்ரோவின் கைப்பிடியில் 24 மாதம் கற்றுக்கொண்டு, இரண்டு ராக்கெட்டுகளைச் செய்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வாடிக்கையாளரைத் தேடுவதும், விலை வைப்பதும், லாப நஷ்டமும் அந்த நிறுவனத்துடையது.

3. வசதிகளைப் பயன்படுத்த விடுவது. ராக்கெட் தனியாருடையது, சோதனைக் கூடம், ஏவுதளம், கண்காணிப்பு, பாதுகாப்பு இஸ்ரோவுடையவை. 2022 நவம்பர் 18 அன்று ஐதராபாத்தின் ஸ்கைரூட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஏவியது, அது 89.5 கிலோமீட்டர் உயரம் சென்றது. 2024 மே 30 அன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் அதே வளாகத்தில் தனக்கென்று அமைத்த ஏவுமேடையிலிருந்து, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவான எஞ்சினோடு ஒரு ராக்கெட்டை விட்டது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கு வேலை முடிந்தபின் சும்மா சுற்றாமல், மற்றவர்களின் கருவிகளைச் சுமந்து சோதிக்கும் போயம் திட்டமும் இதே வகைதான்.

4. சேவையாக விலைக்கு வாங்குவது. செயற்கைக்கோளை அரசு சொந்தமாக வைத்துக்கொள்ளாமல், தனியார் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தையோ தரவையோ வாங்குவது. இந்தியாவில் இது இப்போதுதான் துளிர்க்கிறது. என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்; பின்னால் வருகிறேன்.

அறிவைக் கைமாற்றுவது ஏன் இவ்வளவு கடினம்

"வரைபடத்தைக் கொடுத்தால் செய்துவிட மாட்டார்களா, எதற்கு இரண்டு வருடம்?" என்று கேட்கலாம். எஸ்.எஸ்.எல்.வி.யின் சொந்தக் கதையே இதற்குப் பதில் சொல்கிறது.

2022 ஆகஸ்ட் 7 அன்று நடந்த முதல் பயணத்தில் மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் சரியாகவே எரிந்தன. ஆனால் இரண்டாம் அடுக்கு பிரியும்போது, கருவிகள் இருந்த தளத்தில் சிறிது நேரம் கடும் அதிர்வு ஏற்பட்டது. வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் அந்த அதிர்வில் அளவு மீறிக் காட்டின. கணினி அவை பழுதாகிவிட்டதாக முடிவெடுத்து, அவசர வழிமுறைக்கு மாறிவிட்டது. செயற்கைக்கோள்கள் மிகத் தாழ்ந்த பாதையில் விடப்பட்டு, நிலைக்காமல் போயின. உண்மையில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. பிரிக்கும் முறையையும், பழுதைக் கண்டறியும் தர்க்கத்தையும் மாற்றிய பிறகு 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்ட்டிலும் அதே ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது.

இந்தப் பாடம் திருத்திய வரைபடத்தில் ஒரு மாற்றமாகத்தான் தெரியும். அந்த மாற்றம் ஏன் வந்தது, அடுத்த முறை வேறொரு பாகத்தை மாற்றினால் எதையெல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பது அந்தத் தோல்வியை ஆராய்ந்த பொறியாளர்களின் மனதில்தான் இருக்கும். அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யாமல் அது வராது.

இஸ்ரோவே இப்படித்தான் கற்றது. 1974-ல் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு வைக்கிங் எஞ்சின் தொழில்நுட்பத்துக்கு ஒப்பந்தம் போட்டபோது, இந்தியா பெரும் பணம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இந்தியப் பொறியாளர்கள் அங்கே போய் அவர்களுடைய திட்டத்தில் உழைத்தார்கள். நம்பி நாராயணன் அந்தக் குழுவின் தலைமையில் இருந்தவர். திரும்பி வந்தவர்கள் விகாஸ் எஞ்சினை உருவாக்கினார்கள். ஆகவே 511 கோடி அதிகமா குறைவா என்று வாதிடுவதைவிட, இஸ்ரோவின் எத்தனை பொறியாளர்கள் எவ்வளவு காலம் எச்.ஏ.எல். ஆட்களோடு இருக்கப் போகிறார்கள் என்று கேட்பது பயனுள்ளது.

விதி வகுப்பவரும் போட்டியாளரும் ஒருவரே ஆனால்?

2020 வரை விண்வெளியில் அனுமதி கொடுப்பதும், ஏவுதளத்தை வைத்திருப்பதும், ராக்கெட் செய்வதும் ஒரே குடையின் கீழ் இருந்தன. ஒரு தனியார் நிறுவனம் ராக்கெட் செய்ய வந்தால், அதற்கு அனுமதி கொடுக்க வேண்டியவரே அதன் போட்டியாளர். இஸ்ரோவில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்திருக்க வேண்டியதில்லை. சோதனைக் கூடம் ஒன்றுதான். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கும் வேண்டும், ஸ்டார்ட்அப்புக்கும் வேண்டும் என்றால் இயல்பாகவே ககன்யான்தான் முன்னே நிற்கும்.

தொலைபேசித் துறையில் நாம் இதைக் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் தொலைத்தொடர்புத் துறையே போன் இணைப்பும் கொடுத்தது, விதிகளையும் வகுத்தது. தனியாரை உள்ளே விட்ட பிறகு அந்த ஏற்பாடு சரிவரவில்லை. 1997-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் டிராய் என்ற தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 2000-ல் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். ஆகத் தனியானது.

இன்-ஸ்பேஸ் அதே பாதையில் முதல் அடி. ஆனால் டிராய்க்கு இருக்கும் ஒன்று இதற்கு இல்லை: சட்டம். இன்-ஸ்பேஸ் அமைச்சரவை முடிவாலும், 2023 ஏப்ரலில் வந்த இந்திய விண்வெளிக் கொள்கையாலும் நிற்கிறது. கொள்கை என்பது அரசு தன் நோக்கத்தைச் சொல்லும் ஆவணம்; நாளை அதை மாற்ற நாடாளுமன்றம் தேவையில்லை. இன்-ஸ்பேஸின் முடிவு தவறென்று நினைக்கும் நிறுவனம் முறையிடச் சட்டத்தில் வகுத்த மேல்முறையீட்டு அமைப்பும் இல்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பணத்தை முடக்கத் தயங்கும் முதலீட்டாளரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ராக்கெட் விழுந்தால் யார் பணம் கட்டுவது?

இது பலர் கவனிக்காத பகுதி. 1967-ன் விண்வெளி உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் தனியார் நிறுவனம் விண்வெளியில் செய்யும் செயலுக்கும் அந்த நாட்டு அரசே சர்வதேசப் பொறுப்பு. 1972-ன் பொறுப்பு உடன்படிக்கை இன்னும் கடுமையானது. ஏவிய பொருள் வேறொரு நாட்டின் நிலத்தில் விழுந்து சேதம் செய்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்கவே தேவையில்லை. ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். 1978-ல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 அணு உலையோடு கனடாவில் விழுந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1981-ல் 30 லட்சம் கனடிய டாலருக்குக் கணக்கு முடிந்தது.

இந்தியா இரண்டு உடன்படிக்கைகளிலும் இருக்கிறது. அப்படியானால் ஒரு ஸ்டார்ட்அப்பின் ராக்கெட்டுக்கு இந்திய அரசு ஜாமீன். அந்தப் பணத்தை நிறுவனத்திடமிருந்து எந்த அளவுக்கு வசூலிப்பது, எவ்வளவுக்குக் காப்பீடு எடுக்கச் சொல்வது?

அமெரிக்கா 1988-லேயே இதற்கு வழி கண்டது. நடக்கக்கூடிய அதிகபட்சச் சேதத்தைக் கணக்கிட்டு அந்த அளவுக்கு நிறுவனம் காப்பீடு எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வரம்பு வரை அரசு ஏற்கும். நிறுவனத்துக்குத் தன் சுமையின் எல்லை தெரியும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியும். இந்தியாவில் 2017-ல் விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு கருத்துக் கேட்புக்கு வெளியானது, சட்டமாகவில்லை. பெரிய நிறுவனம் இந்தத் தெளிவின்மையைத் தாங்கும். இருபது பொறியாளர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்துக்கு ஒரே ஒரு விபத்து போதும்.

எழுத்தில் தெளிவில்லாத ஒப்பந்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2005 ஜனவரியில் ஆண்ட்ரிக்ஸ், தேவாஸ் நிறுவனத்துக்கு இரண்டு செயற்கைக்கோள்களின் எஸ்-பேண்ட் அலைவரிசையைத் தர ஒப்பந்தம் போட்டது. 2011-ல் பாதுகாப்புத் தேவையைக் காரணம் காட்டி அரசு ரத்து செய்தது. 2015-ல் சர்வதேச நடுவர் மன்றம் 56.25 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2022 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், மோசடி நோக்கத்தோடு உருவான நிறுவனம் என்று தேவாஸைக் கலைக்கும் உத்தரவை உறுதி செய்தது. வெளிநாட்டு நீதிமன்றங்களில் வழக்கு அதற்குப் பிறகும் ஓடியது. யார் சரி என்பது ஒருபுறம். அலைவரிசை போன்ற பொதுச் சொத்தை யார், எந்த நடைமுறையில் தரலாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தால் இத்தனை ஆண்டுகள் போயிருக்காது.

நாசா செய்தது: உரிமையாளரிலிருந்து வாடிக்கையாளர்

பழைய முறையில் நாசா, நிறுவனத்துக்கு ஆன செலவு முழுவதையும் கொடுத்து, மேலே ஒரு லாபமும் கொடுக்கும். தாமதமானால் செலவு கூடும். கூடிய செலவையும் நாசாவே கட்டும்.

2006-ல், விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக, வேறு வழியை எடுத்தது. "இவ்வளவு எடை, இந்த இடத்துக்குப் போக வேண்டும். எப்படிக் கொண்டுபோவது என்பது உங்கள் பாடு. படிப்படியாக இலக்கை முடித்துக் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் முன்பே பேசிய தொகை" என்பதுதான் சாரம். நிறுவனமும் தன் சொந்தப் பணத்தைப் போட வேண்டும்.

இதில் முதலில் தேர்வான இரண்டு நிறுவனங்களில் ஒன்று ஸ்பேஸ்எக்ஸ். மற்றது ராக்கெட்பிளேன் கிஸ்ட்லர். கிஸ்ட்லர் சொன்னபடி முதலீடு திரட்ட முடியாமல் போனதும், 2007-ல் நாசா ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 20.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அதுவரை கொடுத்தது சுமார் 3.2 கோடி டாலர்தான். மிச்சப் பணத்தோடு ஆர்பிட்டல் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டது. ஸ்பேஸ்எக்ஸ் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தக் கிஸ்ட்லர் முடிவுதான் பெரிதாகப் படுகிறது. தோற்கும் நிறுவனத்தைச் சீக்கிரம் விடவும், நஷ்டத்தைச் சிறிதாக வைக்கவும் அந்த ஒப்பந்த வடிவம் இடம் கொடுத்தது.

இரண்டாவது பாதி இன்னும் முக்கியம். 2008 டிசம்பரில் நாசா, 12 சரக்குப் பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஒப்பந்தத்தை ஸ்பேஸ்எக்ஸுக்குக் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் சிறிய ராக்கெட் மூன்று முறை தோற்று, நான்காம் முறை வெற்றி பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த ஆர்டர்தான் அதை நிற்க வைத்தது.

சரி, நிலையான விலை எல்லாவற்றுக்கும் மருந்தா? இல்லை. 2014-ல் விண்வெளி வீரர்களைக் கொண்டுபோக போயிங்குக்கு 420 கோடி டாலரும், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. ஸ்பேஸ்எக்ஸ் 2020-ல் வீரர்களை ஏற்றிச் சென்றது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில் இருவரைக் கொண்டுபோய், செப்டம்பரில் ஆளில்லாமல் திரும்பியது. 200 கோடி டாலருக்கு மேலான நஷ்டத்தை போயிங் தாங்கியது. இருவரைத் தேர்ந்தெடுத்ததால்தான் நாசா தப்பியது. ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தால் நிலையான விலையும் கைகொடுத்திருக்காது.

இந்தியாவில் விடுபட்ட கண்ணி

கதவைத் திறப்பதில் இந்தியா வேகமாகவே போயிருக்கிறது. 2024-ல் அந்நிய முதலீட்டு விதிகள் தளர்ந்தன: செயற்கைக்கோளுக்கு 74 சதவீதம், ராக்கெட்டுக்கும் ஏவுதளத்துக்கும் 49 சதவீதம், பாகங்கள் தயாரிப்புக்கு 100 சதவீதம் வரை தனி அனுமதி இல்லாமல் வரலாம். அதே ஆண்டு அக்டோபரில் விண்வெளி ஸ்டார்ட்அப்களுக்கு 1,000 கோடி ரூபாய் முதலீட்டு நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஆனால் முதலீடு ஒன்று, வருமானம் வேறு. செயற்கைக்கோள் படத்தை யார் வாங்குவார்கள்? பயிர்க் காப்பீடு, நீர்வளம், பேரிடர், எல்லைப் பாதுகாப்பு, வரைபடம் என்று பட்டியலிட்டால் பெரும்பாலும் அரசுத் துறைகள்தான் வருகின்றன. அந்தத் துறைகள் இஸ்ரோவிடமிருந்து தரவு பெற்றுப் பழகியவை. ஒரு வேளாண் துறை அதிகாரி தனியார் தரவுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட வேண்டுமென்றால், அதற்கான பட்ஜெட் தலைப்பிலிருந்து டெண்டர் விதி வரை புதிதாக யோசிக்க வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்ற வழக்கமான டெண்டர் முறை, இதுவரை யாரும் செய்யாத ஒன்றை வாங்கப் பொருந்தாது.

2025-ல் பிக்சல் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டணியை இன்-ஸ்பேஸ் தேர்ந்தெடுத்தது. 12 புவி நோக்குச் செயற்கைக்கோள்கள். 1,200 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. நம்பிக்கை தரும் அறிவிப்பு. இதை அளக்க ஒரே அளவுகோல், அந்தச் செயற்கைக்கோள்களின் தரவை எத்தனை அமைச்சகங்கள் பல ஆண்டு ஒப்பந்தத்தில், பணம் கொடுத்து வாங்குகின்றன என்பதுதான்.

குலசேகரப்பட்டினத்தில் தெரிந்துவிடும்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்கு, தெற்கே ஏவும் ராக்கெட், இலங்கைக்கு மேல் போகாமல் வளைந்து செல்ல வேண்டும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவு பெரிய எரிபொருள் இழப்பு; சுமக்கும் எடை வெகுவாகக் குறையும். தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல்மேல் போகலாம். அதனால்தான் 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

அந்தத் தளம் இஸ்ரோவுடையது. அங்கே எச்.ஏ.எல். செய்த எஸ்.எஸ்.எல்.வி. நிற்கும், அதே சந்தையைக் குறிவைக்கும் ஸ்டார்ட்அப் ராக்கெட்டுகளும் வரிசையில் நிற்க விரும்பும். ஒரே வாரத்தில் இரண்டு பேர் தேதி கேட்டால் யாருக்குக் கிடைக்கும்? கட்டணம் இருவருக்கும் ஒன்றா? ஒருவரின் ராக்கெட் வெடித்து மேடை சேதமானால், காத்திருக்கும் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்தை யார் ஏற்பது? இந்தக் கேள்விகளுக்கான விதிகள் முதல் ராக்கெட் மேடைக்கு வருவதற்கு முன்பே, எல்லோரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். பொதுத்துறை நிறுவனம் ஒரு பக்கமும் புதிய நிறுவனங்கள் மறுபக்கமும் நிற்கும்போது, தேதி வந்த பிறகு எழுதும் விதியை யாரும் நம்ப மாட்டார்கள்.